நெற்றிச் செம்புள்ளி

மத்திய மலைநாட்டு நீர்ப்பூச்சி வகைப்படுத்தல் அதிகாரசபை என்று ஒன்று மாத்தளையில் இருப்பது மாத்தளைக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. தெரிந்து வருகிறவர்களும் பெரும்பாலும் வீட்டில் நுளம்பு அதிகம், மருந்தடிக்க ஆள் அனுப்புங்கள் என்று கேட்டுத்தான் வருவார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லி அனுப்புவது சசிக்குமாரின் வேலைகளில் ஒன்று.

"நாங்க பூச்சி கொல்றதில்லீங்க. பேர் வைக்கிறதுதான்" என்பார். வந்தவர்கள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அவருடைய மற்ற வேலை, போத்தல்களுக்கு ஸ்பிரிட் ஊற்றுவது. மேல்மாடியில் வரிசையாக அலுமாரிகள். உள்ளே வெள்ளைக்காரன் காலத்தில் ஓடைகளில் பிடித்துப் போட்ட பூச்சிகள். ஆங்கிலத்தில் மேஃப்ளை என்பார்கள். மே மாதத்துக்கும் மாத்தளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தமிழில் என்ன பெயர் வைப்பது என்று ஒரு குழு பல காலமாகக் கூடிக் கூடிக் கலைந்துகொண்டிருந்ததால், சசிக்குமார் தன் பாட்டுக்கு ஒருநாள் பூச்சி என்று சொல்லிக்கொண்டார். இறக்கை முளைத்த பிறகு அது ஒரு நாளோ இரண்டு நாளோதான் உயிரோடு இருக்கும். அதற்குச் சாப்பிடவும் தெரியாது, வாய் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. இந்த ஒரு காரணத்துக்காகவே அது அதிகாரசபைக்கு மிகவும் பிடித்த பூச்சியாக இருந்தது.

ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஒரு பூச்சியைச் சாட்சியாக எடுத்து வைக்க வேண்டும். அதற்கு மூலமாதிரி என்று பெயர். இதில் தப்பொன்றும் இல்லை, உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். நம் அதிகாரசபை மட்டும் இன்னும் ஒரு படி மேலே போய், போத்தலில் இருப்பதுதான் பூச்சி, ஆற்றில் இருப்பது வதந்தி என்ற முடிவுக்கு வந்திருந்தது. அதனால் அங்கே ஆற்றுப் பக்கம் போகிறவர்கள் யாரும் இல்லை, நிஷ்மியாவைத் தவிர.

நிஷ்மியா உக்குவளைப் பிள்ளை. விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கி, ஒப்பந்த உதவியாளராக வந்தவள். ஒப்பந்தம் ஆடி மாதத்தோடு முடிகிறது. அதற்குள் நிரந்தரமாக்குவதாகப் பணிப்பாளர் வாக்குக் கொடுத்திருந்தார். அவருடைய வாக்கை நம்பி அவள் வேறு இரண்டு நேர்முகப் பரீட்சைகளுக்குப் போகாமல் விட்டிருந்தாள். அந்தக் கட்டடத்தில் சசிக்குமாரிடம் "சாப்பிட்டீங்களா அண்ணே" என்று கேட்கிற ஒரே ஆள் அவள்தான்.

பணிப்பாளர் கலாநிதி இராசமாணிக்கம் பெரிய பக்திமான். வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோவிலுக்குப் போய்விட்டுக் கட்டைவிரல் அகலத்துக்குப் பொட்டோடு அலுவலகம் வருவார். அந்தப் பொட்டோடு நுண்ணோக்கியில் குனிந்தால், யார் யாரைப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் வரும்.

ஆயுத பூஜைக்கு எல்லா வேலைத்தளங்களிலும் செய்வதைத்தான் சசிக்குமாரும் செய்தார். மேல்மாடியைக் கூட்டித் துடைத்து, நுண்ணோக்கிக்கு ஒரு பொட்டு, அலுமாரிக் கதவுகளுக்கு ஒவ்வொரு பொட்டு, கத்தரிக்கோல், தராசு, பூச்சி தூக்குகிற இடுக்கி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். தீபாராதனையைப் பணிப்பாளரே காட்டினார். சுண்டல் எல்லோருக்கும் கிடைத்தது. அடுத்த நாள் காலை பழைய போத்தல் ஒன்று ஸ்பிரிட் வற்றிக் காய்ந்து கிடப்பதைச் சசிக்குமார் கண்டார். உள்ளே ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்து ஓடையில் எவனோ ஒரு துரை பிடித்த ஒருநாள் பூச்சி. அதை இடுக்கியால் தலைப்பக்கம் பிடித்துத் தூக்கிப் புதுப் போத்தலில் வைத்தார். இடுக்கியின் நுனிக்கும் நேற்றுப் பொட்டு வைத்தது அவருக்கு அப்போது ஞாபகமில்லை. மூடியைத் திருகிய பிறகுதான் பார்த்தார். பூச்சியின் இரண்டு கண்களுக்கும் நடுவில், அளவெடுத்து வைத்தது போல, ஒரு சிவப்புப் பொட்டு. காய்ந்த தலையில் ஊறிப் பிடித்துவிட்டது. கழுவிப் பார்த்தார், போகவில்லை. சரி, அதற்கும் ஆயுத பூஜைதான் என்று நினைத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அந்த நினைப்புக்காகப் பிற்பாடு அவர் தன்னையே எத்தனையோ முறை ஏசிக்கொண்டார்.

மார்கழியில் ஆண்டறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அதிகாரசபை கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. அதற்கு முந்திய ஆண்டும் இல்லை. பணிப்பாளர் மேல்மாடிக்கு வந்து, ஏதாவது ஒரு போத்தலை எடுங்கள் என்றார். சசிக்குமார் எடுத்ததும் அதுதான், விதி. பணிப்பாளர் நுண்ணோக்கியில் குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை.

"இது இதுவரைக்கும் யாரும் விவரிக்காத இனம்" என்றார் கடைசியில்.

சசிக்குமார் பொய் சொல்கிற ஆள் இல்லை. சொல்லத் தெரியாது என்பதும் ஒரு காரணம்.

"சேர், அது குங்குமம்" என்றார்.

பணிப்பாளர் அந்தச் சொல்லை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "குங்குமம். நான் செந்நிறம்னு எழுதலாம்னு இருந்தேன். செந்நிறம்னா ரொம்ப சாதாரணமா இருக்கு. குங்கும நிறம். நல்ல சொல்லு சசிக்குமார்."

"இல்லீங்க சேர், நெசமாவே குங்குமம்."

"நெசமாவே குங்குமம்தான். அதத்தான் நானும் சொல்றேன்."

இரண்டு மாதத்தில் கட்டுரை அச்சாகி வந்தது. இரு கண்களுக்கும் இடையே, தெளிவான விளிம்புடைய, வட்டமான, குங்கும நிற நெற்றிச் செம்புள்ளி என்று அரைப்பக்கத்துக்கு வர்ணனை. இதுவே இவ்வினத்தை மற்ற எல்லா இனங்களிலிருந்தும் பிரித்துக் காட்டுவது என்று முடித்திருந்தார்கள். தன் பெயரைத் தானே ஒரு பூச்சிக்கு வைத்துக்கொள்வது அநாகரிகம் என்பதால், பணிப்பாளர் அதற்கு அமைச்சின் செயலாளர் நளீமின் பெயரை வைத்தார். செயலாளரும் அநாகரிகமானவர் அல்ல. அதிகாரசபையின் புதுக் கூட்ட மண்டபத்துக்கு இராசமாணிக்கம் மண்டபம் என்று பெயர் வைத்தார். கட்டுரையின் கடைசியில், நிறச்சொல் வழங்கி உதவியவர் வி. சசிக்குமார் என்று நன்றி தெரிவித்திருந்தார்கள்.

அவருடைய மனைவி கலாராணி அந்தப் பக்கத்தைப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினாள். சசிக்குமாருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"நான் வச்ச பொட்டு கலா அது" என்றார்.

"அப்ப போய் சொல்லிடுங்க."

"சொன்னேன். எழுதிக்கிட்டாங்க."

வாசல் சுவரில் பொட்டு வைத்த பூச்சியை ஆளுயரத்துக்குப் படமாக வரைந்தார்கள். வரைய வந்தவன் கோவில் தேருக்கு வர்ணம் பூசுகிறவன். பூச்சிக்குப் புருவமும் மையும் சேர்த்துவிட்டான். அழிக்க வேண்டாம், அழகாக இருக்கிறது என்றார் பணிப்பாளர். பிறகு மேஃப்ளை தினம் கொண்டாடினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடதாசி இறக்கை கட்டிக்கொண்டு வந்து ஆடினார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் நெற்றியில் செம்புள்ளி வைத்துவிடும் பொறுப்பு சசிக்குமாருக்குக் கொடுக்கப்பட்டது. அவர் ஒவ்வொரு நெற்றியாகத் தொட்டு வைத்துக்கொண்டு போனார். ஒவ்வொன்றும் தன் மேல் ஒரு வழக்குப் போலவே அவருக்குத் தோன்றியது.

பணிப்பாளர் மேடையில் பேசினார். "சிலர் கேட்கிறார்கள், இந்தப் பூச்சி ஆற்றில் இருக்கிறதா என்று. நான் கேட்கிறேன், ஆறு எங்களிடம் பதிவு செய்துகொண்டதா? ஆற்றில் உள்ள பூச்சி இன்றைக்குப் பிறந்து நாளைக்குச் சாகும். அதை நம்பி ஓர் அதிகாரசபையை நடத்த முடியுமா? எங்கள் பூச்சி செத்து எத்தனையோ காலமாகிறது. இன்னும் அப்படியே இருக்கிறது. இதுவல்லவா ஸ்திரத்தன்மை." நல்ல கைதட்டல்.

அதோடு நின்றிருந்தால் சசிக்குமார் எப்படியோ மறந்திருப்பார். ஆனால் செயலாளர் நளீமுக்குத் தன் பெயருள்ள பூச்சியை உயிரோடு பார்க்க ஆசை வந்துவிட்டது. பணிப்பாளர் நிஷ்மியாவைக் கூப்பிட்டார். ரிவர்ஸ்டனில் உயிருள்ளது ஒன்றைப் பிடித்து வா, நிரந்தர நியமனத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

அன்று தொடங்கி அவள் ஓயவில்லை. விடியக் காலையில் ரத்தோட்டை பஸ் ஏறி, அங்கிருந்து மேலே போய், ஐஸ் போன்ற தண்ணீரில் முழங்கால் ஆழத்துக்கு நின்று கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பனியில் வலையும் தெரியாது, ஓடையும் தெரியாது. பின்னேரம் திரும்பி வரும்போது காற்சட்டைக் காலில் அட்டை கடித்த இரத்தம் ஊறியிருக்கும். வந்து போத்தல்களை வரிசையாக அடுக்குவாள். அத்தனையும் ஒருநாள் பூச்சிதான், அத்தனையும் அதே இனம்தான். இறக்கை நரம்பு, வால், கண் எல்லாம் அச்சொட்டாக ஒன்றுதான். நெற்றியில் மட்டும் ஒன்றுமில்லை. ஒவ்வொரு கிழமையும் 'புள்ளியுள்ளது கிடைக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தாள்.

"கிடைக்கலன்னா என்ன அர்த்தம்?" என்று பணிப்பாளர் கேட்டது வெளியில் நின்ற சசிக்குமாருக்கும் கேட்டது. "இல்லன்னு அர்த்தமா, நீங்க பாக்கலன்னு அர்த்தமா?"

"பாத்துட்டேன் சேர். அந்த ஓடையில உள்ள ஒண்ணுலயும் புள்ளி இல்ல."

"அப்போ அந்த ஓடையில உள்ளதெல்லாம் குறையுள்ள பூச்சி. குறையில்லாதத தேடுங்க."

அவள் வெளியே வந்து சசிக்குமாரைப் பார்த்துச் சிரித்தாள். அவரால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போதே இவளிடம் சொல்லிவிடலாம், உள்ளே போய் மேசையில் அடித்துச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். பிறகு, அரசாங்கப் பொருளைக் கெடுத்தவன் என்று வேலையை விட்டு அனுப்பிவிட்டால் என்ற நினைப்பு வரும். போத்தல் துடைக்கப் போய்விடுவார். பயம்தான், வேறொன்றும் இல்லை. ஒரு பிள்ளை தண்ணீரில் நிற்க, நான் காய்ந்த இடத்தில் நிற்கிறேன் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை கோவிலில் ஐயர் குங்குமம் நீட்டினால் கையை இழுத்துக்கொண்டார்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் நிஷ்மியா பாசிக் கல்லில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கையோடு அடுத்த கிழமையே வந்து, இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, விடக்கூடாது என்று மறுபடி பஸ் ஏறப் போனாள். அன்றுதான் சசிக்குமாருக்கு மனம் துணிந்தது.

அந்தக் கிழமை கொழும்பிலிருந்து நிபுணர் குழு ஒன்று மூலமாதிரியை உறுதிப்படுத்த வந்திருந்தது. இராசமாணிக்கம் மண்டபத்தில் மூன்று பேர் வடையும் தேநீருமாக உட்கார்ந்திருந்தார்கள். நிஷ்மியாவும் ஓர் ஓரத்தில் நின்றாள். சசிக்குமார் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். ஒரு கையில் நிஷ்மியா பிடித்து வந்த போத்தல்களில் ஒன்று, மறு கையில் கோவில் குங்குமப் பொட்டலம்.

"சேர்மாரே, மன்னிக்கணும். அந்தப் பூச்சிக்குப் பொட்டு வச்சது நான்தான். எப்படின்னு இப்ப காட்டுறேன்" என்றார்.

போத்தலைத் திறந்து, பூச்சியைக் கடதாசியில் காயவைத்து, இடுக்கியின் நுனியைக் குங்குமத்தில் தொட்டு, எல்லோரும் பார்க்க அதன் தலையைப் பிடித்தார். விட்டார். நுண்ணோக்கியின் கீழே வைத்தார். குழுத் தலைவர் வடையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். மற்ற இருவரும் பார்த்தார்கள். மூலமாதிரியைப் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தார்கள்.

"முழுக்க ஒத்துப்போகுது" என்றார் தலைவர்.

"அதத்தாங்க சொல்றேன்" என்றார் சசிக்குமார். அவருக்குப் பாதி உயிர் வந்தது.

"ஒரு கேள்வி. நெத்தியில ஏன் வச்சீங்க? வயித்துல வைக்கலாம், இறக்கையில வைக்கலாம்."

"பொட்ட நெத்தியிலதானங்க வைப்பாங்க."

தலைவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "கவனிச்சீங்களா? இவர் முடிவு பண்ணல. புள்ளி எங்க வரணும்னு ஏற்கனவே முடிவாகியிருக்கு." மற்ற இருவரும் குறித்துக்கொண்டார்கள். "இந்தப் பூச்சிய எங்க பிடிச்சது?"

"ரிவர்ஸ்டன் ஓடையிலங்க."

"யார் பிடிச்சது?"

"நிஷ்மியா மிஸ்தாங்க. அவங்க பிடிச்சது எதுலயும் புள்ளி இல்லீங்க, அதத்தான் நான்..."

அவர் முடிக்கவில்லை. மண்டபத்தில் எல்லோரும் நிஷ்மியாவைப் பார்த்தார்கள். பணிப்பாளர் எழுந்து நின்றார்.

"ரிவர்ஸ்டன் ஓடையில பிடிச்ச, நெற்றிச் செம்புள்ளியுள்ள பூச்சி" என்றார் ஒவ்வொரு சொல்லாக. "இவ்வளவு காலம் நம்ம மேல்மாடியிலயே இருந்திருக்கு. பிடிச்சவங்களே கிடைக்கவில்லைன்னு எழுதியிருக்காங்க."

தீர்மானம் அங்கேயே நிறைவேறியது. இரண்டாவது மாதிரி கிடைத்துவிட்டது, இனம் ரிவர்ஸ்டனில் வாழ்வது உறுதியாகிவிட்டது. கையில் இருந்ததைக் கண்ணால் காணாத ஒப்பந்த உதவியாளரின் ஒப்பந்தத்தை நீடிக்கக் காரணமில்லை. சசிக்குமார் "ஐயோ, இல்லீங்க, இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருடைய தன்னடக்கத்தைக் குழு பாராட்டியது. நிஷ்மியா வெளியே போனாள்.

பின்னேரம் பணிப்பாளர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அது குங்குமம்னு எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கிறீங்க? அன்னைக்குத் தீபம் காட்டினதே நான்தானே."

சசிக்குமார் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க வச்ச அன்னைக்கு அது குங்குமம். அச்சுல வந்த பொறகு அது செம்புள்ளி. அந்தப் புள்ளய நெனச்சா எனக்கும் கவலதான், நல்ல புள்ள. ஆனா புள்ளி இல்லன்னு எழுதி எழுதி வச்சிருக்கு. அந்த அறிக்கைய எல்லாம் எங்க கொண்டுபோய் வைக்கிறது? அந்த எடம் காலியா இருக்கக் கூடாது. நிரந்தரப் பதவி அது. ரெண்டாவது மாதிரியக் கண்டுபிடிச்சவர் நீங்கதான், உங்களையே வெளிக்கள உத்தியோகத்தரா போடச் சொல்லி குழு சொல்லிருச்சு."

"எனக்கு வேணாங்க சேர். அது அந்தப் புள்ளட வேல."

"வேணாம்னா சரி. அப்போ அரசாங்கச் சொத்துல குங்குமம் தடவினதுக்கு ஒரு விசாரண வைக்கணும். எது வேணும்?"

சசிக்குமார் வாயிலிருந்து வந்தது "சரிங்க சேர்" என்பதுதான். அதைச் சொன்னது தானா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆடி முடிந்து நிஷ்மியாவின் கடைசி நாளும் வந்தது. ஒரு கையில் கட்டு, மறு கையில் சாமான் பை. சசிக்குமார் பையை வாங்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை கூடவே நடந்தார். உக்குவளை பஸ் இன்னும் வந்திருக்கவில்லை.

"மிஸ், நான் உங்க வாழ்க்கைய கெடுத்துட்டேன்" என்றார். "அந்த மொதல் பூச்சிக்கும் நான்தான் பொட்டு வச்சேன். நீங்க தண்ணியில நிக்கும்போதெல்லாம் எனக்குத் தெரியும். சொல்லப் பயந்துட்டேன்."

அவள் நிதானமாகச் சொன்னாள். "எனக்கு மொத நாளே தெரியும் அண்ணே. பூசைக்கு சுண்டல் குடுத்தீங்களே, நான் சாப்பிடலயா? மைக்ரோஸ்கோப்புக்குப் பொட்டு வச்சத பாக்கலயா?"

"பொறகு ஏன் சொல்லல?"

"சொன்னா யார் வச்சதுன்னு கேப்பாங்க. இந்தக் கட்டடத்துல ஒங்கள விட்டா வேற யார் பூசைக்கு சாமானுக்குப் பொட்டு வைக்கிறது? ஒங்கட வேல போயிரும். எனக்கு வாப்பா ஈக்கிறாரு, வேற எங்கயாவது பாத்துக்கலாம். ஒங்களுக்கு இந்த வயசுல யார் வேல குடுப்பாங்க? அதனாலதான் இல்லாத ஒண்ண தேடினேன். என்னைக்காவது அவங்களே அலுத்துப்போய் விட்டுருவாங்கன்னு நெனச்சேன்."

சசிக்குமாருக்குப் பை கையில் கனத்தது. அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

பஸ் வந்து நின்றது. அவள் ஏறி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பையை வாங்கிக்கொண்டாள். ஏதோ நினைவு வந்தது போலக் குனிந்து கேட்டாள்.

"அண்ணே, என்ட எடத்துக்கு யார போடுறாங்க?"

குங்குமம் குங்குமம் என்று இத்தனை மாதமாக அவர் சொன்னது அத்தனையும் உண்மை. பணிப்பாளரிடம் சொன்னார், நிபுணர்களிடம் சொன்னார், ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார்.

"இன்னும் யாரையும் போடலங்க மிஸ்" என்றார்.

"அப்படியா" என்றாள் நிஷ்மியா, உடனே நம்பிவிட்டாள். "நல்ல ஆளா வந்தா சரி அண்ணே. அந்தக் கல்லெல்லாம் வழுக்கும், பாத்து நிக்கச் சொல்லுங்க."

பஸ் புறப்பட்டது. அவள் உடையாத கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டினாள். அவரும் ஆட்டினார்.